மதில் தாண்டிய நத்தைகள்

ஜூன் 3

அன்புள்ள அப்பா,

நான் நலம் என்று எழுதினால் பதிலுக்கு நீங்களும் நலம் என்று எழுதி முடித்துவிடுவீர்கள். அதனால் இந்தத் தடவை நேராகவே கேட்கிறேன். கால் எப்படி இருக்கிறது?

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா போன் பண்ணித்தான் எனக்கே தெரியும். "உங்கப்பா பின்பக்கம் வழுக்கி விழுந்துட்டாரு. முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. ஒன்றரை மாசம் காலைக் கீழ ஊனக் கூடாதாம். உன்கிட்ட சொல்லாதீங்கன்னாரு, அதான் சொல்றேன்" என்றார். உங்களிடம் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும், உங்களுக்கு மட்டும் கேட்காது. முப்பது வருஷம் ஜெனரேட்டர் ரூமுக்குக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவரை எழுத்தில்தான் திட்ட முடியும். பாசி பிடித்த இடத்தில் இனிமேல் செருப்பில்லாமல் நடந்தால் நான் லீவு போட்டு வந்துவிடுவேன், ஜாக்கிரதை.

இப்போது என் விஷயம். பயிரைத் தின்கிற பூச்சி, புழு, நத்தை எல்லாவற்றையும் ஆராய்கிற இந்த நிலையத்தில் மூன்று வருஷமாகக் கண்ணாடிக் குழாய் கழுவுகிறேன் அல்லவா? கள உதவியாளர் இடம் ஒன்று காலியாகிறது. குழாய் கழுவுகிறவளுக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று பேசாமல் இருந்தேன். எங்கள் மேடம்தான் கூப்பிட்டார். "டிகிரி வேணாம்மா, கண்ணு வேணும். எதையாவது வருஷக்கணக்கா விடாம பார்த்து எழுதி வெச்சிருக்கியா? அதுக்கு அத்தாட்சி இருந்தா விண்ணப்பம் போடு" என்றார்.

என்னிடம் இருக்கிறதே, அப்பா! பதினொரு வயசிலிருந்து பதினாறு வரை நம் பின்பக்க மதிலில் நத்தைகளைப் பார்த்து எழுதினேனே, அந்த மூன்று நோட்டு. பரண் மேல் தகரப் பெட்டியில், பச்சைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் நேர்காணல். யாரையாவது ஏறச் சொல்லி எடுத்து அனுப்புங்கள். நீங்கள் ஏறாதீர்கள்.

உங்கள் மகள்


ஜூன் 10, 15:20
(அனுப்பாத கடிதம்)

மகளே,

உன் நோட்டுகள் இல்லை. நான் எடைக்குப் போட்டுவிட்டேன்.

என் மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உனக்கு ஆபீஸில் ஒரு நாற்காலி வாங்கி வைத்திருந்தேன். நீ குழாய் கழுவப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாய். நீ போன மறுநாள் பழைய பேப்பர்காரர் வந்தார். தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். பச்சைத் துணியை அவிழ்த்ததுகூட ஞாபகம் இருக்கிறது. ஒரு பக்கம் புரட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. துணியை மட்டும் எடுத்துச் சைக்கிள் துடைத்தேன்.

சொந்தக்காரர்கள் வந்தால் "எங்க வீட்டு நத்தை எங்க, மதில்ல ஒட்டிக்கிட்டிருக்கா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைப்பேன். நீயும் சிரிப்பாய். அது சிரிப்பில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இதை உனக்கு


ஜூன் 12, 06:40

அன்பு மகளுக்கு,

காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உனக்குச் சளி பிடிக்குமே, தண்ணீரிலேயே கை வைத்திருக்கிறாயே, பார்த்துக்கொள்.

பரணில் ஏற ஆள் கிடைக்கவில்லை. கட்டுப் பிரிக்கட்டும், நானே பார்க்கிறேன். அவசரப்படாதே. அங்கே நிறைய நோட்டு கிடக்கிறது. உன்னுடையது எந்த நிற அட்டை, எத்தனை பக்கம், என்ன மையில் எழுதினாய் என்று எழுதினால் தேட வசதியாக இருக்கும்.

டிவியில் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறார்கள். அதனால் பின்வாசலில் நாற்காலி போட்டு, காலை முக்காலியில் வைத்துக்கொண்டு மதிலைப் பார்க்கிறேன். நேற்று மழை விட்டதும் ஒரு நத்தை வந்தது. பெரிய கொம்பு இரண்டின் நுனியில் கண் இருக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. விரலால் தொட்டேன். சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துவிட்ட மாதிரி கண்ணை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது! கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு, இந்த ஆள் போய்விட்டானா என்று பார்த்தது. எனக்கு அறுபத்தொரு வயசு. இதுவரை ஒரு நத்தையின் முகத்தைப் பார்த்ததில்லை. கூச்சமாகிவிட்டது, நான்தான் முதலில் தலையைத் திருப்பினேன்.

அப்பா


ஜூன் 24

அன்புள்ள அப்பா,

சளி இல்லை, கை மட்டும் ஊறிப்போய் இருக்கிறது. உங்கள் கட்டுக்குள் அரிக்கிறதா? குச்சியை விட்டுச் சொறியாதீர்கள், உங்களைத் தெரியும்.

கடிதத்தைப் படித்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தேன், எங்கள் அப்பாதான் எழுதினாரா என்று. நத்தைக்கு முகம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்! கேன்டீனில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

நோட்டுகள் எண்பது பக்கம், பழுப்பு அட்டை, கோடு போட்டது, நீல மை. என் குழந்தைக் கிறுக்கலை யாரும் தவறவிட முடியாது.

சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். ஜன்னல் கண்ணாடித் துண்டில் மாவைக் கரைத்துத் தடவி, அதன் மேல் நத்தையை விட்டு அடியிலிருந்து பாருங்கள். அதன் நாக்கு முழுக்கப் பல், ஆயிரக்கணக்கில். அரம் போட்டுத் தேய்க்கிற மாதிரி மாவை வழித்துக்கொண்டே போகும். சவர பிளேடை நிறுத்திவைத்தால் அதன் முனை மேலேயே ஏறி இறங்கும், கீறல்கூட விழாது. இன்னொன்று, இந்த நத்தைகளில் ஆண் தனி, பெண் தனி என்று கிடையாது. ஒவ்வொன்றும் அப்பாவும்தான், அம்மாவும்தான். முகத்தைச் சுளிக்காதீர்கள், உண்மை.

உங்கள் மகள்


ஜூலை 9, 07:15

அன்பு மகளுக்கு,

அரிப்பு நிற்கவில்லை, குச்சி விட்டேன், திட்டிக்கொள். உன் கைக்கு எண்ணெய் தடவு.

கண்ணாடி பார்த்தேன், பல் பார்த்தேன். பிளேடு விஷயத்தை நான் நம்பவில்லை. புது பிளேடைச் சோப்பில் குத்தி நிறுத்தினேன். ஏறியது, நடுவில் நின்று யோசித்தது, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. நான்தான் பிளேடை எடுக்கப்போய்க் கையைக் கிழித்துக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் ஒன்றே என்று எழுதியிருந்தாயே, அதை அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னால் ஒன்றாகக்கூடச் சரியாக இருக்க முடியவில்லை.

இப்போது ஒரு அதிசயம் சொல்கிறேன், கேள். உன் மேசையில் கிடந்த சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து நாலு நத்தைக்கு ஓட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண் போட்டேன். குப்பை அள்ளுகிற தகட்டில் வைத்து, ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போய், மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா தோட்டத்தில் கவிழ்த்தேன். இரண்டே நாளில் மூன்றும் நாலும் நம் பக்கம்! மூன்றாம் நாள் ஒன்றாம் எண் வந்தது. மறுபடி கொண்டுபோய் விட்டேன், மறுபடி வந்தன. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை சின்ன மண்டைக்குள் நம் வீட்டு விலாசத்தை எங்கே வைத்திருக்கிறது?

நோட்டுகள் கிடைத்துவிட்டன. பரண் ஒழுகியதில் கொஞ்சம் நனைந்திருக்கின்றன. நிழலில் காயவைத்து ஆகஸ்டில் அனுப்புகிறேன்.

அப்பா


ஜூலை 19

அன்புள்ள அப்பா,

கை நலம், எண்ணெய் தடவுகிறேன். கிழித்துக்கொண்ட விரல் ஆறியதா?

நோட்டு கிடைத்தது என்று படித்ததும் குழாய் கழுவும் அறையில் ஒரு ஆட்டமே போட்டேன். இரண்டு குழாய் போச்சு. நேரே மேடத்திடம் ஓடினேன். உங்கள் நத்தைகள் திரும்பி வருகிற கதையையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை அடி? எத்தனை தடவை? எழுதி வெச்சிருக்காரா?" என்று கேட்டார். எழுதுங்கள் அப்பா. உங்களுக்குத்தான் மீட்டரைப் பார்த்து மணிக்கு மணி குறித்துப் பழக்கமாயிற்றே.

ஒரு வேண்டுகோள். முதல் நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் படிக்காதீர்கள். படித்திருந்தால், படித்தேன் என்று எழுதிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆகஸ்ட் பத்துக்குள் எனக்கு வந்துசேர வேண்டும்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 6, 11:00

அன்பு மகளுக்கு,

விரல் ஆறிவிட்டது. கட்டுப் பிரித்தாயிற்று. கால் தோல் உரித்த கிழங்கு மாதிரி இருக்கிறது. நேர்காணலுக்கு முன்னால் நன்றாகச் சாப்பிடு, தூங்கு.

இத்துடன் மூன்று நோட்டு. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தண்ணீர் பட்டு மை கலைந்திருக்கிறது, அட்டை மாறிய மாதிரி இருக்கும், ஈரம்தான் காரணம். முதல் நோட்டின் முதல் பக்கம் பூஞ்சை பிடித்து எடுக்கும்போதே உதிர்ந்துவிட்டது. நான் படிக்கவில்லை. நத்தைகள் வீடு திரும்புவதை நீயும் அப்போதே எழுதியிருக்கிறாய், உனக்கு மறந்திருக்கும். மூன்றாவது நோட்டில் இருக்கிறது. ஐம்பத்திரண்டு தடவை மதிலைத் தாண்டி விட்டதில் நாற்பத்தேழு தடவை திரும்பியிருக்கின்றன. இது சத்தியமான கணக்கு. அதில் ஒரு புள்ளிகூடப் பொய் கிடையாது.

நல்லபடியாக முடியும். தைரியமாகப் போ.

அப்பா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

நோட்டுகள் கிடைத்தன. நேர்காணல் முடிந்தது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. திரும்பி வருவது பற்றிய பக்கங்கள்தான் மேடத்துக்கு மிகவும் பிடித்திருந்தன. அதையே இங்கே தோட்டத்தில் பெரிதாகச் செய்துபார்க்கப் போகிறார்கள். நாற்பது நத்தை. பொறுப்பு என்னுடையது. மழை இருப்பதால் குடை எடுத்துக்கொண்டு வெளியே போகவும்.

இப்படிக்கு,
தங்கள் மகள்


செப்டம்பர் 14, 06:30

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு நொண்டிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போய், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பால்காரர், தபால்காரர், ஒருவரையும் விடவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? "தங்கள் நலம் அறிய ஆவல்" என்று எழுதியிருந்தாய். என்னை நீ "தங்கள்" என்று எழுதியதே கிடையாது. வேலை அதிகமா? நத்தைகளுக்கு எண் போட்டாயிற்றா? நெயில் பாலிஷ் வேண்டுமென்றால்

17:50

காலையில் விட்ட இடத்தில் தொடர முடியாது. வேறு விஷயம் எழுத வேண்டும்.

மத்தியானம் தையல்காரம்மா வந்தார். கையில், நான் பிறகு எண் போட்டவற்றில் பதினொன்றாம் எண் நத்தை. நான் காதைக் கொடுப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "ஏங்க, இதுக்கு மேக்கப் போட்டது நீங்கதானா? யாரோ பொடிப்பசங்க விளையாட்டுன்னு நெனச்சேன். தினம் காலையில என் செடியில இருந்து பொறுக்கிப் பொறுக்கி உங்க பக்கமே போட்டுக்கிட்டிருக்கேன்!" என்றார்.

எனக்கு ஒன்றும் ஏறவில்லை. "போட்டீங்களா? எப்ப?" என்றேன்.

"ஜூன் மாசத்துல இருந்தே. நீங்க உள்ள டீ குடிக்கிற நேரத்துல. உங்க தகரக் கூரை மேல டம்மு டம்முன்னு விழுமே, கேக்கலையா உங்களுக்கு?"

கேட்கவில்லை, மகளே. தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கு மட்டும் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டில் நாற்பத்தேழு. மீதி ஐந்து எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் என் கண்ணுல படல" என்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

இனி சுற்றிவளைக்க மாட்டேன். அந்த மூன்று நோட்டும் உன்னுடையவை இல்லை. உன்னுடையவற்றை நீ போன மறுநாளே எடைக்குப் போட்டேன். படிக்கக்கூட இல்லை. நீ கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. புது நோட்டு வாங்கி, டீத் தண்ணீரில் நனைத்து, உன் பழைய கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் எழுத்து மாதிரி எழுதினேன். கடையில் நோட்டு வாங்கித் தந்தவரும் தையல்காரம்மாதான். "இந்த வயசுல என்ன பரீட்சை எழுதப் போறீங்க?" என்று கேட்டார். பார்த்ததைத்தானே எழுதுகிறோம், அதில் என்ன பொய் என்று நினைத்தேன். இப்போது அதுவும் பொய்யாகிவிட்டது. அதை நம்பி நாற்பது நத்தையோடு நீ அங்கே நிற்கிறாய்.

உன்னை வெளியே தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டேன். மேடத்திடம் சொல்லிவிடு. எல்லாப் பழியையும் என் மேல் போடு.

அப்பா


அக்டோபர் 12, 06:00

அன்பு மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டும் ஒரு வரி எழுது. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போதெல்லாம் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். நான் நலம்தான்.

அப்பா


அக்டோபர் 29

அப்பா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கால் தரையில் சரியாகப் பதிகிறதா?

நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது என்று நினைக்காதீர்கள். பார்சலைப் பிரித்த நிமிஷமே தெரியும். பதினொரு வயசுப் பெண் "05:50, ஈரம் அதிகம், நத்தை இரண்டு, இயக்கம் சீர்" என்று எழுதுவாளா? பக்கத்துக்குப் பக்கம் கோடு இழுத்து நேரம், நிலை, குறிப்பு என்று கட்டம். இரண்டாவது நோட்டில் ஓரிடத்தில் "பணி ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷப் பழக்கம், பாவம் கை தானாகப் போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதேன். என் நோட்டுகள் இந்த உலகத்தில் இல்லை என்று அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் செய்ததையும் கேளுங்கள். அந்தத் தாளை மட்டும் கிழித்துவிட்டு மற்றதை என்னுடையது என்று மேசையில் வைத்தேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. வேலை வேண்டும் என்று இருந்தது, வைத்துவிட்டேன். "பதினொரு வயசுல இவ்வளவு ஒழுங்கா?" என்று மேடம் கேட்டபோது "அப்பா சொல்லிக் கொடுத்தார்" என்றேன். மீட்டரில் ஒரு புள்ளி தப்பாக எழுத மாட்டார் எங்கள் அப்பா, அதனால் எழுத்துதான் கள்ளம், விஷயம் உண்மை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் செப்டம்பர் கடிதம் வந்ததும் அந்தச் சமாதானமும் போயிற்று.

அப்போதும் மேடத்திடம் போகவில்லை. ஐந்து வாரம் காத்திருந்தேன். நாற்பது நத்தையையும் முப்பது தப்படி தள்ளி விட்டிருந்தோம். வந்துவிட்டால் சொல்ல வேண்டாமே என்று தினம் காலையில் சாமி கும்பிடாத குறையாகப் போய்ப் பார்ப்பேன். அங்கே மதில் இல்லை, தையல்காரம்மா இல்லை, நத்தையைத் தொடுகிறவர் யாருமே இல்லை. பதினொன்று வந்தன அப்பா! கல், சேறு, வாய்க்கால் எல்லாம் தாண்டி, எடுத்த அதே பலகைக்கு அடியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஏழாம் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது எப்படி வந்தது என்று மேடத்துக்கும் சரியாகத் தெரியவில்லை. நான் பிழைத்துக்கொண்டேன், இனி வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் அப்படி இருக்க முடியவில்லை. அப்படியே நேராக மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஏழாம் எண்ணை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். "உன்னைத் திட்டக்கூட எனக்கு மனசு வரலை, போ. தோட்டத்துச் சாவியைக் குடுத்துட்டுப் போ" என்றார். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி குழாய் கழுவுகிறேன். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. தட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய்ச் சாப்பிடுகிறேன்.

முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்று இப்போது சொல்கிறேன். "அம்மா போயி பத்தொம்பதாவது நாள். அப்பா இன்னிக்கும் பேசல. நத்தை மூணு செங்கல் தூரம் போச்சு." அவ்வளவுதான். மறுநாள், "அப்பா இன்னிக்கும் பேசல. நத்தை வரல." முதல் பக்கம் என்று உங்களிடம் சொன்னேன், உண்மையில் முதல் நோட்டு முழுக்க இதுதான். யாராவது அசைகிறார்களா என்று பார்க்க எனக்கு வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. அப்படித்தான் நத்தை பார்க்கப் பழகினேன்.

நோட்டை எடைக்குப் போட்டதற்குப் பதில் கேட்கவில்லை. இதற்குப் பதில் வேண்டும். அப்போது ஏன் என்னிடம் பேசவில்லை?

உங்கள் மகள்


நவம்பர் 7

அன்பு மகளுக்கு,

கால் பதிகிறது. நீ படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ எழுதி ஒன்பது நாள் ஆயிற்று. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நீ பின்பக்கம் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். சமையலறை ஜன்னலில் நின்று உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தினமும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மதிலிடம் ஏதோ சொல்லுவாய். ஜன்னலுக்கும் உனக்கும் பத்தடி இருக்கும். கதவில் கை வைப்பேன், எடுத்துவிடுவேன்.

உன் அம்மா இருந்தவரைக்கும் உன்னிடம் என்ன பேச வேண்டும் என்று அவள்தான் எனக்குச் சொல்லித் தருவாள். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே காதில் ஓதுவாள். "பரீட்சை எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க." "புதுச் சட்டை போட்டிருக்கா, நல்லாருக்குன்னு சொல்லுங்க." "அழுதிருக்கா, ஒண்ணும் கேக்காம பக்கத்துல போய் உக்காருங்க." நான் அப்படியே செய்வேன். அப்பா எவ்வளவு கவனிக்கிறார் என்று நீ பூரித்துப்போவாய். எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. அவள் போனபிறகு சொல்லித்தர ஆள் இல்லை. பெற்ற பெண்ணிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் போய் யாரிடம் கேட்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜெனரேட்டர் ரூமில் இரண்டு வருஷம் இரட்டை வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. காதில் வைக்கப் பஞ்சு கொடுப்பார்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை. என் காது போனது அந்த இரண்டு வருஷத்தில்தான். வயசு என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிறகு உன்னிடம் பேசத் தொடங்கியபோது கேலிதான் வாயில் வந்தது. நத்தை என்றேன். அதற்கு நீ திரும்பிப் பார்த்தாய், அதனால் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதுதான் பதில். நியாயம் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். பதினொரு மணி நேரம், புதன் காலையில் வந்து இறங்குவேன். முதலில் மேடத்தைப் பார்க்க வேண்டும். உன் வேலையைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. அந்த நோட்டை எழுதினவன் நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறதை வாங்கிக்கொண்டு வருகிறேன். காது கேட்காவிட்டாலும் முகத்தைப் பார்த்தால் தெரியும். பிறகு மத்தியானம் அந்தப் படிக்கட்டுக்கு வருகிறேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு வா. எழுந்து போக வேண்டுமென்றால் போ, பேச வேண்டாம் என்றாலும் சரி. நான் பேசுகிறேன்.

என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. வந்து பேசுகிறேன்.

அப்பா